காக்கி என்றால் எந்த நிறம்?

திருப்பூருக்கு ஒரு ஆர்டர் வருகிறது: ஆண்கள் போலோ டி-ஷர்ட், நூறு சதவீதம் காட்டன், நிறம் காக்கி. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. பையர் நியூயார்க்காரர் என்றால் அவர் மனதில் இருப்பது ஈர மணலும் சந்தனமும் கலந்த மாதிரி ஒரு வெளிர் பழுப்பு. லண்டன்காரர் என்றால் பெரும்பாலும் பச்சை அடிக்கிற மங்கிய பழுப்பு. பாரிஸ்காரர் என்றால் சந்தேகமே வேண்டாம், ராணுவ ஜீப்பின் ஆலிவ் பச்சைதான். இங்கே சாயப்பட்டறையில் கேட்டால் போலீஸ் சட்டையைக் கை காட்டுவார்கள். நாலு பேரும் சொல்வது ஒரே வார்த்தை.

ஆங்கில நிறப் பெயர்களில் இந்த அளவுக்கு ஆளுக்கொரு அர்த்தம் கொண்டது குறைவு. அதற்குக் காரணம் இருக்கிறது. சிவப்பு, நீலம் போல ஒரு நிறத்தைச் சுட்டிக்காட்டிப் பிறந்த சொல் இல்லை இது. ஒரு துணியோடு, அந்தத் துணி செய்கிற வேலையோடு ஆங்கிலத்துக்குள் போன சொல். துணி மாறிய ஊரிலெல்லாம் நிறமும் மாறியது. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

பாரசீகத்தில் 'காக்' என்றால் புழுதி, மண். அதிலிருந்து உருதுவில் 'காக்கி', அதாவது புழுதி நிறத்தது, மண்ணாலானது. உருதுக் கவிதையில் மனிதப் பிறவியையே காக்கி என்பார்கள், மண்ணில் பிறந்து மண்ணுக்குப் போகிறவன் என்ற பொருளில். வடக்கே இன்றும் பழுப்புக் காகித உறைக்கு 'காக்கி லிஃபாஃபா' என்றுதான் பெயர். அங்கே போலீஸ் வாடையே கிடையாது.

ஆங்கிலேயர் கைக்கு இந்தச் சொல் போனது பெஷாவரில். 1846-ல் ஹாரி லம்ஸ்டன் என்ற அதிகாரி அங்கே 'கைட்ஸ்' என்ற படைப்பிரிவைத் திரட்டினார். வழிகாட்டவும் வேவு பார்க்கவுமான படை. அன்றைய பிரிட்டிஷ் சிப்பாய்க்குச் சிவப்புக் கோட்டு. எல்லைப்புற மலைப்பாதையில் அதைப் போட்டுக்கொண்டு வேவு பார்க்கப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் உள்ளூர்ப் பருத்தித் துணியை உள்ளூர்ச் சாயத்தில் தோய்த்தார்கள். மல்பெரிச் சாறு என்றும், மசரி என்கிற குட்டைப் பனை என்றும் இருவிதமாகச் சொல்வதுண்டு. எதுவானாலும் நோக்கம் ஒன்றுதான்: புழுதிக்குள் புழுதியாகத் தெரிய வேண்டும்.

சிக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது. எந்த ஊர்ப் புழுதி?

1857 சிப்பாய்க் கிளர்ச்சியில், கோடையில் போரிட வேண்டி வந்தபோது பல படைப்பிரிவுகள் தங்கள் வெள்ளைப் பருத்தி உடுப்பைத் தாங்களே சாயமேற்றிக்கொண்டன. தேயிலை, காப்பி, சேறு, மை என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் அண்டாவில் விழுந்தது. வந்த நிறம் படைக்குப் படை வேறு. ஒன்று சாம்பல், ஒன்று பழுப்பு, ஒன்று நீலம் ஓடிய கரும்பலகை நிறம். எல்லாவற்றுக்கும் பெயர் காக்கி. இரண்டு சலவை போனால் திட்டுத் திட்டாக வெளுத்து, ஒரே வரிசையில் நிற்கிற பத்துப் பேர் பத்து நிறத்தில் நிற்பார்கள். சீருடை என்ற சொல்லுக்கே அது கேலி.

இதைத் தீர்த்தது வேதியியல். மான்செஸ்டருக்கு வடக்கே அக்ரிங்டன் என்ற ஊரில் சாயத்தொழில் நடத்திய ஃபிரெடரிக் கேட்டி 1884-ல் ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 'மினரல் காக்கி' என்று பின்னாளில் பெயர் பெற்ற முறை அது. இதில் வழக்கமான அர்த்தத்தில் சாயமே கிடையாது. இரும்பு உப்பையும் குரோமியம் உப்பையும் கரைத்த நீரைத் துணிக்குள் ஊறவிட்டுப் பிழிந்து காயவைப்பார்கள். பிறகு கொதிக்கிற காரக் கரைசலில் விடுவார்கள். காரம் பட்டதும் இரண்டு உப்பும் கரையாத ஆக்சைடாக மாறி நூலிழைக்குள்ளேயே படிந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால் துணிக்குள் துரு பிடிக்கவைப்பது. துரு மறுபடி கரைந்து ஓடாது, வெயிலுக்கும் அசையாது. அதனால்தான் மழை, வெயில், சோடா போட்ட சலவை எல்லாவற்றையும் அந்தத் துணி தாங்கியது.

இதில் கவனிக்க வேண்டியது விகிதம். இரும்பு ஆக்சைடு தனியாக இருந்தால் செம்மண் சாயல் கொண்ட மஞ்சள் பழுப்பு. குரோமியம் ஆக்சைடு தனியாக இருந்தால் சாம்பல் பச்சை. இரண்டும் சேர்ந்தது காக்கி. இரும்பைக் கூட்டினால் மணல் பக்கம் போகும், குரோமியத்தைக் கூட்டினால் ஆலிவ் பக்கம் போகும். இன்று நியூயார்க்காரரும் பாரிஸ்காரரும் சண்டை போடுகிற இரண்டு முனைகளும் ஒரே தொட்டிக்குள் இருந்தன.

குறையும் உண்டு. நூலுக்குள் உலோக ஆக்சைடு உட்கார்ந்திருப்பதால் துணி சொரசொரத்து விறைக்கும். தையல் மெஷினில் ஊசி சீக்கிரம் மழுங்கும், உடையும். சோப்பு அல்லது எண்ணெய்க் குழம்பு கொடுத்து மிருதுவாக்கினால்தான் தைக்க முடியும். இரும்புத் துருவைக் கரைக்கிற எந்த அமிலமும் இந்தத் துணிக்கும் எதிரி. துருக்கறை நீக்க விற்கிற ஆக்சாலிக் அமிலம் ஒரு சொட்டு பட்டாலும் இரும்பு மட்டும் கழன்று, அந்த இடம் வெளிறிப் பச்சையாக நிற்கும்.

நிறம் நிலையானதும் சொல்லும் ஊன்றியது. 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் படை முழுக்கக் காக்கி. தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்தோர் பிரிட்டிஷ் சிப்பாய்களையே 'காக்கிகள்' என்று அழைத்தார்கள். குதிரைத் தீவனத்தோடு வந்து இறங்கி வயலெங்கும் பரவிய ஒரு களைச்செடிக்கு அங்கே இன்றும் 'காக்கிபோஸ்', அதாவது காக்கிப் புதர் என்று பெயர். போர் நடக்கும்போதே 1900-ல் பிரிட்டனில் தேர்தலை வைத்து, போர் உற்சாகத்தை வாக்காக மாற்றி பிரதமர் சாலிஸ்பரி பிரபுவின் கட்சி ஜெயித்தது. அதற்குக் 'காக்கித் தேர்தல்' என்று பெயர் விழுந்தது. போர்க்காற்றில் நடக்கிற தேர்தலுக்கெல்லாம் அதுவே பொதுப்பெயராகவும் ஆனது. இதை அப்படியே தமிழில் 'காக்கித் தேர்தல்' என்று எழுதிவிட்டால், போலீஸ் கெடுபிடியில் நடந்த தேர்தல் என்றுதான் நம்மவர் படிப்பார்.

நமக்குத் தெரிந்த காக்கி கேம்பெல் வாத்தும் இந்தக் காலத்துப் பிள்ளைதான். இங்கிலாந்தில் குளோஸ்டர்ஷயரில் அடீல் கேம்பெல் என்ற பெண்மணி நன்றாக முட்டையிடுகிற வாத்தாக வேண்டும் என்று இனம் கலந்து உருவாக்கினார். ராணுவ உடுப்பின் நிறம் எல்லோர் வாயிலும் இருந்த நேரம் என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நல்ல பராமரிப்பில் வருடத்துக்கு 300 முட்டை வரை இடும் வாத்து இது. பண்ணைக்காரர்களிடம் போய்ப் பெயரில் ஏன் காக்கி என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

1902-ல் உள்நாட்டிலும் அணிய பிரிட்டிஷ் ராணுவம் கம்பளிச் சீருடை கொண்டுவந்தபோது நிறம் ஒரு படி கறுத்தது. வெயில் நாட்டுப் பருத்திக் காக்கி வேறு, ஐரோப்பியச் சேற்றுக்கான கம்பளிக் காக்கி வேறு. பிரிட்டிஷ் காதில் காக்கி என்பது பச்சை கலந்த அடர்பழுப்பாக இறங்கியது இப்படித்தான். 1914-ல் முதல் உலகப் போருக்கு ஆட்கள் லட்சக்கணக்கில் சேர்ந்ததும் காக்கித் துணி போதவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நீல கம்பளி உடுப்பு கொடுத்தார்கள். அன்றைய போர் அமைச்சர் பெயரில் 'கிச்சனர் நீலம்' என்று அதற்குப் பெயர். போட்டுக்கொண்டவர்களுக்கோ ஒரே மனக்குறை: பார்க்கச் சிப்பாய் மாதிரியே இல்லை என்று. ஆங்கிலத்தில் 'காக்கியில் இருக்கிறான்' என்றால் ராணுவத்தில் இருக்கிறான் என்று பொருள் ஏறிவிட்ட காலம் அது. சிப்பாய்களின் பின்னால் இளம்பெண்கள் மயங்கித் திரிவதாகப் பெரியவர்கள் புலம்பியதற்கும் 'காக்கிக் காய்ச்சல்' என்றுதான் பெயர்.

அமெரிக்கக் கதை வேறு வழியில் போனது. 1898-ல் ஸ்பெயினோடு போர். கியூபா, பிலிப்பைன்ஸ் என்று வெயில் பூமி. அவர்கள் எடுத்தது பருத்தி ட்வில் துணியில் மணல் நிறம். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பியவர்கள் அந்தப் பேன்ட்டைக் கல்லூரிக்கும் போட்டுக்கொண்டு போனார்கள். அங்கிருந்து அது ஆபீசுக்கு வந்தது. அமெரிக்காவில் ராணுவத்தின் பச்சைக்குத் தனியாக 'ஆலிவ் டிராப்' என்ற பெயர் இருந்ததால், காக்கிக்குப் பச்சைப் பக்கம் போக வேண்டிய அவசியமே வரவில்லை. பிரெஞ்சில் அப்படி ஒரு பிரிவினை இல்லை, அதனால் 'காக்கிப் பச்சை' என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் இன்னொரு குழப்பம் சேர்த்தார்கள். இணையப் பக்கங்களுக்கான நிறப்பெயர்ப் பட்டியலில் காக்கி என்று போட்டால் வருவது சிவப்பு 240, பச்சை 230, நீலம் 140. அது எலுமிச்சை மஞ்சளின் ஒன்றுவிட்ட தம்பி. எந்தச் சிப்பாயும் அதைப் போட்டுக்கொண்டு ஒளிய முடியாது. கருங்காக்கி என்று அதே பட்டியலில் உள்ள 189, 183, 107 கொஞ்சம் தேவலை. சுவர்ப் பெயின்ட், இரும்புப் பெயின்ட் பக்கம் போனால் ஜெர்மானிய ஆர்ஏஎல் நிற அட்டையில் 7008 என்ற எண்ணுக்குக் காக்கிச் சாம்பல் என்று பெயர். அது நல்ல பழுப்பு.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லைப் புழங்கும்போது சில நுணுக்கங்கள். எழுத்துக்கூட்டலில் முதல் 'க்'-குக்குப் பின்னால் மட்டும்தான் 'எச்' வரும். இரண்டாவது 'க்'-குக்கும் எச் போடுவது நம் ஊர் விண்ணப்பங்களில் சகஜமான பிழை. பிரிட்டிஷ் உச்சரிப்பு நம் 'காக்கி'க்குப் பக்கத்தில், 'காகி' என்று நீளும். அமெரிக்கர் பெரும்பாலும் 'கேக்கி' என்பது மாதிரி வாயை அகட்டிச் சொல்வார்கள். பாஸ்டன் பக்கத்தில் காக்கிப் பேன்ட்டும் கார்ச் சாவியும் ஒரே மாதிரி ஒலிக்கும் என்பது அங்கே பழைய நகைச்சுவை.

ஒருமையில் சொன்னால் நிறம் அல்லது துணி. பன்மையில் சொன்னால் அமெரிக்காவில் பேன்ட், அதுவும் சாதாரண ஆபீஸ் பேன்ட். இந்திய ஆங்கிலத்தில் அதே பன்மை போலீஸ் உடுப்பாகிவிடும். மொழிபெயர்ப்பாளர்கள் வழுக்குகிற இடம் இது. அமெரிக்கக் கதையில் மாப்பிள்ளைப் பையன் நீலச் சட்டையும் 'காக்கிஸ்' உம் அணிந்து விருந்துக்கு வருகிறான் என்று இருக்கும். அதை 'காக்கிக் கால்சட்டை அணிந்து' என்று தமிழில் எழுதினால் நம் வாசகர் கண்ணில் ஒரு கான்ஸ்டபிளோ ஆட்டோ டிரைவரோ வந்து நிற்பார். ஒரு தலைமுறைக்கு முந்தையவர் என்றால் அரசுப் பள்ளி அரைக்கால் சட்டை. 'சந்தன நிறப் பேன்ட்' என்று எழுதினால் முடிந்தது. பிரிட்டிஷ் ஃபேஷன் கட்டுரை என்றால் 'பாசிப்பச்சை' பல இடங்களில் சரியாக வரும். 'காக்கி' என்றே விட வேண்டியது ராணுவம், போலீஸ், சீருடை என்று வருகிற இடங்களில் மட்டும்.

தமிழில் நிறப்பெயராக இருப்பதைவிட அதிகாரத்தின் பெயராக இது வேலை செய்கிறது. காக்கிச் சட்டையைப் பார்த்ததும் கூட்டம் கலைந்தது என்றால் யாரும் நிறத்தை யோசிப்பதில்லை. அந்தச் சட்டையின் நிறமும் ஒன்றா என்றால், இல்லை. போலீஸ் மாநில விஷயம் என்பதால் ஷேடும் மாநிலத்துக்கு மாநிலம் நகர்கிறது. கொல்கத்தா மாநகரப் போலீசுக்கு வெள்ளை உடுப்பு. அங்கே போய் 'காக்கி வருது' என்று சொல்லிப் பயனில்லை.

இனி சாயப்பட்டறைக்கு வருவோம். காக்கி ஏன் இத்தனை முறை ரிஜெக்ட் ஆகிறது?

பருத்தியில் ரியாக்டிவ் சாயத்தில் (நூலோடு பிணைந்துவிடுகிற சாயம்) காக்கி எடுக்க மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் வேண்டும். வெளிர் ஷேடில் மூன்றும் சேர்ந்தே துணி எடையில் ஒரு சதவீதத்துக்குள் முடிந்துவிடும். 100 கிலோ லாட் என்றால் மொத்தச் சாயம் ஒரு கிலோவைத் தாண்டாது. அதில் நீலம் 150 கிராம் என்று வைத்துக்கொண்டால், எடை போடுகிறவர் கை 15 கிராம் தவறினாலே நீலத்தில் பத்து சதவீதப் பிழை. அடர் சிவப்புத் துணியில் அது கண்ணுக்கே தெரியாது. காக்கி மூன்று நிறமும் ஒன்றையொன்று அடக்கி வைத்திருக்கிற ஷேடு. ஒன்று கொஞ்சம் எழும்பினாலும் உடனே பச்சை அடிக்கும், அல்லது சிவப்பு அடிக்கும். துவைக்கத் துவைக்கவும் இதே கதைதான். நீலம் முதலில் வெளுத்தால் சட்டை செம்மண் பக்கம் போகும், சிவப்பு முதலில் போனால் பாசி பிடித்த மாதிரி ஆகும். அதனால் வெளுக்கிற வேகம் ஒத்த மூன்று சாயமாக, ஒரே குடும்பத்திலிருந்து எடுப்பதுதான் புத்தி. மலிவாகக் கிடைத்தது என்று மஞ்சளை ஒரு கம்பெனியிலும் நீலத்தை இன்னொன்றிலும் வாங்கிக் கலப்பது ஆறு மாதம் கழித்து வந்து நிற்கும்.

அடுத்தது வெளிச்சம். பகல் வெளிச்சத்துக்குச் சமமான டி65 விளக்கில் அச்சு அசலாக ஒத்துப்போகிற துணி, கடை வெளிச்சமான டிஎல்84-ல் சிவந்து தெரியும். இரண்டு துணியும் வேறு வேறு சாயக் கலவையில் ஒரே நிறத்தை எட்டியிருந்தால் இப்படி ஆகும். காக்கி, சாம்பல், ஆலிவ் மூன்றிலும்தான் இந்தத் தொல்லை அதிகம். லைட் பாக்ஸில், அதாவது நிறம் ஒப்பிடுகிற விளக்குப் பெட்டியில், குறைந்தது இரண்டு விளக்கில் பார்க்காமல் லேப் டிப் (ஒப்புதலுக்குச் சாயமேற்றிய சிறு மாதிரித் துண்டு) அனுப்பக் கூடாது.

ஆகவே மெயிலில் காக்கி என்று வந்தால் பதிலில் கேட்க வேண்டியவை: பான்டோன் நிற அட்டை எண் என்ன, அது துணி அட்டை எண்ணா காகித அட்டை எண்ணா? முதல் விளக்கு எது, இரண்டாவது எது? டெல்டா ஈ, அதாவது மாதிரிக்கும் துணிக்கும் உள்ள நிற வித்தியாசத்தின் அளவு, எவ்வளவு வரை ஏற்பார்கள்? ஒன்றுக்குள் என்பது வழக்கம். ஒப்புதல் ஃபினிஷிங்குக்கு முன்னாலா பின்னாலா? கடைசிக் கேள்வியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். என்சைம் வாஷும் சாஃப்ட்னரும் ஷேடை நகர்த்தும். டிரையரிலிருந்து சூடாக எடுத்த துணியின் நிறமும் ஆறி ஈரப்பதம் ஏறிய துணியின் நிறமும் ஒன்றாக இருக்காது. செல்போனில் எடுத்த படத்தை வைத்து 'ஓகே' வாங்குவது வாங்காததற்குச் சமம். போன் தானாகவே வெண்மையைச் சரிசெய்யும்போது காக்கியின் சாயலும் மாறிவிடும்.

மணல், ஆலிவ் என்ற அந்த இரண்டு முனைகளையும் வீட்டு அடுப்பிலேயே பார்க்கலாம். 100 கிராம் வெள்ளைப் பருத்தித் துணியை மூன்று லிட்டர் நீரில் 5 கிராம் சலவை சோடாவும் கொஞ்சம் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவையுங்கள். நீர் மஞ்சளாக வரும். அது பருத்தியின் மெழுகும் அழுக்கும். இதைச் செய்யாமல் விட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். அலசி வையுங்கள்.

காய்ந்த மாதுளைத் தோல் 50 கிராமை இடித்து, இரண்டு லிட்டர் நீரில் இரவு ஊறவிட்டு, மறுநாள் முக்கால் மணி நேரம் சிறுதீயில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். எவர்சில்வர் பாத்திரம்தான் வேண்டும். இரும்புச் சட்டியில் வைத்தால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஈரத் துணியை அந்த நீரில் ஒரு மணி நேரம் சூட்டில் வைத்து, ஆறும் வரை அப்படியே விடுங்கள். பிறகு இரண்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாதியை 7 கிராம் படிகாரம் கரைத்த வெந்நீரில் அரை மணி வையுங்கள். மங்கிய மஞ்சள் வரும். பிழிந்து, கால் கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்த ஒன்றரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் முக்கிக் கிளறிக்கொண்டே இருங்கள். மஞ்சள் கண்முன்னே புழுதியாகும். இன்னொரு பாதிக்குப் படிகாரம் வேண்டாம். ஒரு கிராம் அன்னபேதியில் பத்து நிமிஷம். அது சாம்பல் பச்சைக்குப் போய் நிற்கும். இரண்டுமே காற்று பட்டதும் இன்னும் கறுக்கும், அதனால் வேண்டிய ஷேடுக்கு ஒரு படி முன்னாலேயே எடுத்துவிட வேண்டும். அன்னபேதியை அள்ளிப் போடுகிற ஆசை வேண்டாம். துணி எடையில் நாலு சதவீதத்தைத் தாண்டினால் நிறம் அழகாகத்தான் இருக்கும், பருத்தி மட்கிக் கொஞ்ச நாளில் மடிப்பில் கிழியும். அன்னபேதி பட்ட கரண்டியையும் வாளியையும் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அடுத்த முறை மஞ்சள் போடும்போது அதில் ஒட்டியிருக்கிற துளி போதும், மஞ்சள் பாழ்.

நிழலில் காயவைத்து இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்றை அமெரிக்கரும் ஒன்றை பிரெஞ்சுக்காரரும் எடுத்துக்கொள்வார்கள். எலுமிச்சைச் சாறு மட்டும் இரண்டிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொட்டு விழுந்த இடத்தில் இரும்பு கழன்று, மாதுளை மஞ்சள் மறுபடி எட்டிப்பார்க்கும்.